வெங்காயப் பட்டறையும் லீனியர் புரோகிராமிங்கும்

காலேஜ்ல ஆபரேஷன்ஸ் ரிசர்ச் பேப்பரை எப்படியோ தேத்தி பாஸ் பண்ண கூட்டத்துல நானும் ஒருத்தன். சிம்ப்ளெக்ஸ் டேபிள் போடுவோம், விடை வரும், கீழே ரெண்டு கோடு போடுவோம், அவ்ளோதான். அது எதுக்குன்னு புரிஞ்சது லப்பைக்குடிக்காட்டுல, அத்தா கேட்ட ஒரு கேள்வியில.

"பட்டறையில பாதி இடம் காலியா கெடக்கு. சின்ன வெங்காயம் வாங்கிப் போட கையில காசு பத்தல. ரெண்டு வட்டிக்கு வாங்கலாமா?"

இந்தக் கேள்விக்குப் பின்னாடி ஒரு பெரிய கதை இருக்குங்க.

1938, லெனின்கிராட். எந்த மெஷினுக்கு எந்த வேலையைக் கொடுத்தா உற்பத்தி கூடும்னு ஒரு பிளைவுட் நிறுவனம் கான்டரோவிச்கிட்ட கேட்டுச்சு. வழி சொன்னார். கூடவே இன்னொண்ணும் கண்டுபிடிச்சார்: ஒவ்வொரு தட்டுப்பாட்டுக்கும் கணக்குக்குள்ளேயே ஒரு விலை ஒளிஞ்சிருக்கு. மதிப்பு உழைப்புலேருந்துதான் வருதுன்னு சொல்லிட்டிருந்த சோவியத் நாட்டுல இது வில்லங்கமான பேச்சு. 1942ல அவர் எழுதின பொருளாதாரப் புத்தகம் வெளிவந்தது 1959ல. நோபல் பரிசு 1975ல.

அமெரிக்காவுல விமானப்படை வேலையில இருந்த டான்ட்சிக் 1947ல சிம்ப்ளெக்ஸ் முறையைக் கொடுத்தார். 1952ல சார்ன்ஸ், கூப்பர், மெல்லன் மூணு பேரும் விமானப் பெட்ரோல் கலக்கறதுக்கு அதைப் பயன்படுத்தினாங்க. 1959ல சார்ன்ஸ், கூப்பர், மில்லர் அதைக் கம்பெனியோட பணத்துக்கே கொண்டுவந்தாங்க. அவங்க எடுத்துக்கிட்ட உதாரணம் என்ன தெரியுமா? ஒரு கிடங்கு. வாங்கி வைக்கணும், அப்புறம் விக்கணும். இடத்துக்கும் அளவு உண்டு, காசுக்கும் அளவு உண்டு. அட, நம்ம பட்டறை! :-)

கணக்கைப் பாருங்க. பட்டறை 100 மூட்டை கொள்ளும். மூட்டை 1000 ரூபாய். கையில 50,000. மூணு மாசத்துல 1300க்கு விக்கும்னு வைங்க (அழுகல், எடைக்குறைவை விட்டுடுவோம்). இப்ப இடத்துக்கு மதிப்பே இல்ல, ஏற்கனவே காலியாத்தான் கெடக்கு. ஆனா கூட ஒரு ரூபாய் கெடைச்சா 30 பைசா லாபம். ரெண்டு வட்டிக்கு மூணு மாசத்துல 6 பைசாதான் போகும். அதனால வாங்கலாம். பட்டறை நிரம்பின அடுத்த நிமிஷம் கதை தலைகீழ்: காசுக்கு மதிப்பு போச்சு, இடத்துக்கு வந்துருச்சு. இதுதான் நிழல் விலை. பணத்தோட மதிப்பை பேங்க் வட்டி மட்டும் சொல்லாது, நம்மகிட்ட எது தட்டுப்பாடோ அதுவும் சேர்ந்து சொல்லும்.

அப்புறம் 1963ல வைன்கார்ட்னர், பல வருஷத்துக்கான பல திட்டங்கள்ல எதை எடுக்கறது எதை விடறதுன்னு கணக்காக்கினார். பாதி ஃபேக்டரி கட்ட முடியாதே, அதனால விடை முழு எண்ணா வரணும். 1984ல பெல் லேப்ஸ்ல இருந்த, ஐஐடி பாம்பேயில படிச்ச நரேந்திர கர்மார்கர், ரொம்பப் பெரிய கணக்குகளுக்குப் புது வழி காட்டினார்.

இதையெல்லாம் அத்தாகிட்ட சொல்லி, "இன்னும் 50,000 வாங்கலாம், 12,000 நிக்கும்"னேன்.

"விலை இறங்கினா?"

1060க்குக் கீழே போனா கடன் வாங்கிப் போட்ட மூட்டையெல்லாம் நஷ்டம். 1300ங்கறது நான் போட்டுக்கிட்ட நம்பர்தானே. போர்ட்ஃபோலியோ கணக்குல ரிஸ்க்கையும் சேர்க்கணும்னு மார்க்கோவிட்ஸ் 1952லயே சொல்லிட்டார். நான் மறந்துட்டேன், அத்தா மறக்கல.

25 மூட்டைக்கு மட்டும் கடன் வாங்கினார்.