இரவல் குரலில் ஒரு மன்னன்



லியர் மன்னன் கதையை வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அந்த மன்னனின் முகத்தை ஓய்வு பெற்ற பிறகுதான் பார்த்தேன். பேரன் கணினியில் போட்டுக் காட்டிய 1971ஆம் ஆண்டு ரஷ்யப் படம் அது. இயக்கியவர் கோசின்ட்சேவ், இசை ஷோஸ்டகோவிச். லியராக வந்தவர் ஒல்லியான, சிறிய உருவம் கொண்ட கிழவர். கண்கள் மட்டும் பெரியவை. அவர் பெயர் யூரி யார்வெட். எஸ்டோனிய நாடக நடிகர்.

1919இல் தாலின் நகரில் பிறந்தார். பிறந்தபோது வைத்த பெயர் கியோர்கி குஸ்நெத்சோவ், சுத்தமான ரஷ்யப் பெயர். 1930களில் எஸ்டோனியாவில் பலரும் தம் பெயர்களைத் தாய்மொழிக்கு மாற்றிக்கொண்டார்கள். இவரும் மாற்றிக்கொண்டார். 'யார்வ்' என்றால் அவர்கள் மொழியில் ஏரி.

அந்த மக்களுக்கு நாடகமும் மொழியும் வேறு வேறல்ல. 1870இல் டார்ட்டு நகரில் முதல் எஸ்டோனிய நாடகத்தை மேடையேற்றியவர் லிடியா கொய்டுலா என்ற பெண் கவிஞர். அவருடைய அப்பா பள்ளி ஆசிரியராக இருந்தவர் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை! தாலினில் 1913இல் எழுந்த 'எஸ்டோனியா' நாடக அரங்கம் 1944 மார்ச்சில் சோவியத் குண்டுவீச்சில் எரிந்தது. மறுபடியும் கட்டினார்கள். சோவியத் ஆட்சியில் ரஷ்ய மொழியின் கை ஓங்கியிருந்தபோதும் மேடையில் எஸ்டோனிய மொழி ஒலித்துக்கொண்டே இருந்தது. அங்குள்ள எஸ்டோனிய நாடக அரங்கில் பல்லாண்டு காலம் நடித்தவர் யார்வெட்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். லியர் படத்தில் நாம் கேட்பது அவர் குரல் அல்ல. அவருடைய ரஷ்யப் பேச்சில் தாய்மொழியின் வாடை அடித்தது. அதனால் ஜினோவி கெர்ட் என்பவர் குரல் கொடுத்தார். அவர் பொம்மலாட்ட அரங்கில் பெயர் பெற்றவர், போரில் காலில் காயம்பட்டவர். தார்க்கோவ்ஸ்கியின் 'சோலாரிஸ்' (1972) படத்தில் ஸ்னாட் என்ற விஞ்ஞானியாக வந்தபோதும் யார்வெட்டுக்கு வேறொருவர் குரல்தான்.

ரஷ்யப் பெயரோடு பிறந்து, அதை விட்டுவிட்டு, கடைசியில் ரஷ்யக் குரலால் உலகப் புகழ் பெற்ற மனிதர். 1975இல் சோவியத் நாட்டின் மக்கள் கலைஞர் பட்டமும் கிடைத்தது. ஆனால் அவருடைய சொந்தக் குரலை முழுதாகக் கேட்டவர்கள் தாலின் நாடக ரசிகர்கள்தான். மேடை நடிப்பு வாசல் கோலம் மாதிரி, மறுநாள் இருக்காது. அதை எண்ணினால் மனம் கனக்கிறது.

ஒரு ஆறுதல் உண்டு. 1991இல் எஸ்டோனியா மீண்டும் விடுதலை பெற்றதைக் கண்ணால் பார்த்துவிட்டு, 1995இல்தான் அவர் கண்மூடினார்.

படம் கிடைத்தால் பாருங்கள். புயல் காட்சியில் ஒரு நிமிடம் சத்தத்தை நிறுத்திவிட்டு அந்த முகத்தை மட்டும் பாருங்கள். அது யாரிடமும் இரவல் வாங்கியது அல்ல.

உங்களுக்கு என்ன தோன்றியது என்று எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்.