புது ஸ்பீக்கர் பழகுகிறதா, நம் காது பழகுகிறதா?

இந்தப் பண்டிகைக் காலத்தில் புது ஸ்பீக்கரோ சவுண்ட்பாரோ வாங்கியவர்கள் நம் குடியிருப்பில் நிச்சயம் சிலர் இருப்பீர்கள். கடையில் கேட்ட இனிமை வீட்டில் இல்லையே என்று விற்றவரிடம் சொன்னால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "புதுசு சார், நூறு மணி நேரம் ஓடட்டும், அப்புறம் பாருங்க." இதற்கு 'பிரேக்-இன்' என்று பெயர், 'பர்ன்-இன்' என்பாரும் உண்டு. தினம் 2 மணி நேரம் கேட்டால் 100 மணி நேரம் முடிய 50 நாள் ஆகும். பொருளைத் திருப்பிக் கொடுக்கும் கெடுவோ பல இடங்களில் 7 நாள் அல்லது 10 நாள். சீக்கிரம் முடித்துவிடலாம் என்று வீட்டைப் பூட்டிவிட்டுப் பகல் முழுக்கப் பாட விட்டால், பக்கத்து வீட்டுக்காரர் சங்கத்துக்குப் புகார் எழுதுவார். பணமும் அண்டை வீட்டார் உறவும் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் இதன் பழைய கதையைக் கொஞ்சம் பார்க்கலாம்.

என் வயதுக்காரர்களுக்கு 'ரன்னிங்-இன்' என்று எழுதிக்கொண்டு போன புது ஸ்கூட்டர்களும் கார்களும் நினைவிருக்கும். எஞ்சினில் பிஸ்டன் வளையமும் சிலிண்டரும் உரசி உரசி ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும்; அதில் நியாயம் இருந்தது. வால்வு ரேடியோவும் திருகியவுடன் பாடாது, சூடாக வேண்டும். ஆனால் அது ஒவ்வொரு நாளும் நடப்பது, புதுசுக்கு மட்டும் உரியதல்ல. ஸ்பீக்கர் இதில் எந்த வகை?

அதற்கு முன் அமெரிக்காவுக்குப் போக வேண்டும். தாமஸ் எடிசன் 1877-ல் போனோகிராஃபைக் கண்டுபிடித்தார். 1912-ல் 'டைமண்ட் டிஸ்க்' என்ற தடித்த இசைத்தட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தார். போட்டிக் கம்பெனிகளின் தட்டைவிடத் தன்னுடையது உசத்தி என்று காட்ட 1915 முதல் அவருடைய கம்பெனி ஊர் ஊராக 'டோன் டெஸ்ட்' என்ற நிகழ்ச்சியை நடத்தியது. மேடையில் ஒரு பாடகி, பக்கத்தில் ஒரு பெட்டி. பாடகி தட்டோடு சேர்ந்து பாடுவார், நடுவில் வாயை மூடிக்கொள்வார், மறுபடி பாடுவார். பிறகு அரங்கில் விளக்கை அணைப்பார்கள். பாட்டு தொடரும். விளக்கு எரிந்ததும் பார்த்தால் பாடகி மேடையில் இருக்கமாட்டார். பெட்டி மட்டும் பாடிக்கொண்டிருக்கும்! நியூயார்க்கின் கார்னகி ஹால் உட்படப் பெரிய அரங்குகளில் இது நடந்தது. எது குரல், எது தட்டு என்று தெரியவில்லை என்று சபையோர் வியந்தார்கள்.

இன்று அந்தத் தட்டைப் போட்டுக் கேட்டால் தகரக் குழாய்க்குள்ளிருந்து யாரோ பாடுவது போல இருக்கும். அன்று மைக் கிடையாது, மின்சாரப் பெருக்கியும் கிடையாது. குழாய் வாய்க்குள் பாடிப் பதிவு செய்ததில் கனமான ஒலியும் வராது, நுண்ணிய ஒலியும் வராது. அப்படியானால் சபையோர் பொய் சொன்னார்களா? இல்லை. அந்த நிகழ்ச்சிகளில் பாடிய அன்னா கேஸ் என்ற ஓபரா பாடகி, முதிய வயதில் தந்த பேட்டி ஒன்றில் உண்மையைச் சொன்னார்: இயந்திரத்தின் குரலுக்கு ஏற்ப அவர்தான் தம் குரலை மாற்றிக்கொண்டு பாடினாராம். இயந்திரம் பாடகியைப் போலப் பாடவில்லை, பாடகி இயந்திரத்தைப் போலப் பாடினார். மிச்சத்தைக் கேட்பவரின் எதிர்பார்ப்பு பார்த்துக்கொண்டது. (எடிசனுக்கே காது சரியாகக் கேட்காது, பெட்டியின் மரத்தைப் பல்லால் கடித்துக்கொண்டு அதிர்வைக் கேட்பார்.)

1925-ல் மைக் வைத்து மின்சார முறையில் பதிவு செய்வது வந்ததும், பழைய தட்டின் குறை எல்லோருக்கும் கேட்கத் தொடங்கிவிட்டது. எடிசன் 1929-ல் இசைத்தட்டு வியாபாரத்தையே விட்டார்.

அதே 1925-ல்தான் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியின் செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் இருவரும் கம்பிச்சுருள் அசைந்து ஒலி எழுப்பும் ஸ்பீக்கரை விளக்கிக் கட்டுரை வெளியிட்டார்கள். இன்று உங்கள் வீட்டில் இருப்பதும் அடிப்படையில் அதுதான். காகிதக் கூம்பு, அதைச் சுற்றி நெகிழ்வான விளிம்பு, பின்னால் பசை ஏற்றிய மடிப்புத் துணி. இந்தத் துணிக்கு 'ஸ்பைடர்' என்று பெயர். புதிதில் இது கஞ்சி போட்ட வேட்டி மாதிரி விறைப்பாக இருக்கும். நன்றாக ஆடியதும் கொஞ்சம் தளர்கிறது. ஆகவே 'பழகுதல்' முழுப் பொய் அல்ல, கருவி வைத்து அளக்கலாம். ஆனால் பெரும் பகுதி முதல் சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ முடிந்துவிடும். பல தயாரிப்புகள் பெட்டியில் அடைக்கப்படும் முன்பே தொழிற்சாலைச் சோதனையில் கொஞ்சம் ஆடியிருக்கும்.

எட்கர் வில்சுர் என்ற அமெரிக்கர் 1954-ல் கொண்டுவந்த ஸ்பீக்கர் இதில் முக்கியமானது. கூம்பைப் பிடித்திருக்கும் துணியை வேண்டுமென்றே தளர்வாக வைத்து, காற்றுப் புகாமல் மூடிய பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே ஸ்பிரிங்காகப் பயன்படுத்தினார். விறைப்பில் பெரும்பங்கு காற்றுடையது என்றால், துணி தளர்ந்தாலும் ஒலியில் பெரிய வித்தியாசம் வராது. காற்று பழகி மெலிவதில்லையே!

ஒயருக்கும் பிரேக்-இன் உண்டு என்று சிலர் விற்கிறார்கள். நம் வீட்டுச் சுவருக்குள் செம்புக் கம்பியில் பல வருடமாக மின்சாரம் ஓடுகிறது. அதனால் எந்த ஃபேனும் இனிமையாகச் சுற்ற ஆரம்பித்ததாக நான் கேள்விப்படவில்லை. ஹெட்போன் விஷயம் வேறு. அதன் மெத்தை நாளாக ஆகக் காதோடு படியும், படிந்தால் கனமான ஒலியின் அளவு மாறும்.

எனக்கு உறுத்துவது இன்னொன்று. துணி தளர்வதால் ஒலி மாறுகிறது என்றால், சிலருக்கு முன்பைவிட மோசமாகவும் கேட்க வேண்டும். ஆனால் நூறு மணி நேரம் ஓட்டியவர்கள் எல்லோரும் 'இனிமையாகிவிட்டது' என்றுதான் சொல்கிறார்கள். எல்லாப் பதிவும் வரவுப் பக்கமே விழும் பேரேட்டை வங்கியில் எவரும் கையெழுத்திட்டு அனுப்பமாட்டார்கள். மனிதனுக்கு அடிக்கடி எதிர்ப்படுவதன் மீதே விருப்பம் கூடுகிறது என்று உளவியலாளர் ராபர்ட் ஸயான்ஸ் 1968-ல் எழுதினார். அந்த நூறு மணி நேரத்தில் நீங்களும் கூடவே உட்கார்ந்திருக்கிறீர்கள் அல்லவா?

1994-ல் ஃப்ளாய்ட் டூல், ஷான் ஆலிவ் என்ற இரு ஆய்வாளர்கள் 40 பேரை வைத்து நான்கு ஸ்பீக்கர்களைச் சோதித்தார்கள். முதலில் திரைக்குப் பின்னால், பிறகு கண்ணுக்குத் தெரிய. திரை இருந்தபோது நல்ல மதிப்பெண் வாங்கிய ஒரு சின்ன, விலை குறைந்த செட், கண்ணில் பட்டதும் சறுக்கியது. கேட்டவர்கள் ஸ்பீக்கர் கம்பெனி ஒன்றின் ஊழியர்களே.

ஆகவே அடுத்த முறை 'நூறு மணி நேரம்' என்று கடைக்காரர் சொன்னால் இப்படிக் கேளுங்கள்: "மாதக்கணக்காகப் பாடிக்கொண்டிருக்கும் உங்கள் டெமோ பீஸையும், அதே மாடலில் பெட்டி பிரிக்காத ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்." மேலே ஒரு துணியைப் போடச் சொல்லுங்கள். எது எது என்று தெரியாமல் பத்துத் தடவை மாற்றி மாற்றிக் கேட்டுச் சீட்டில் குறியுங்கள். சத்தம் இரண்டிலும் ஒரே அளவு இருக்க வேண்டும். துளி கூடுதலாகப் பாடுவதுதான் நம் காதுக்கு 'நல்லது' என்று படும். பத்தில் ஐந்தாறு மட்டுமே சரியாக வந்தால், அது காசு சுண்டிப் பார்ப்பதற்குச் சமம். பில்லையும் அட்டைப் பெட்டியையும் கெடு முடியும்வரை தூக்கிப்போடாதீர்கள்.