உலக்கை என்று எழுதி வைத்த கற்கள்

2014 மார்ச்சில் பாரிசின் தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் ஒரு கச்சேரி நடைபெற்றது. பிரான்சின் தேசிய இசைக்குழுவைச் சேர்ந்த தாளக்கலைஞர் நால்வர் வாசித்தனர். இசையமைத்தவர் பிலிப் ஃபெனெலோன். கருவிகளோ சகாராப் பாலைவனத்திலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுவந்த, பல்லாயிரம் ஆண்டுப் பழமை வாய்ந்த நீள்கற்கள். தானியம் இடிக்கும் உலக்கைகள் என்றே அவை நெடுங்காலம் கருதப்பட்டு வந்தன. 2004இல் எரிக் கோந்தியே என்னும் ஆய்வாளர் தட்டிப்பார்த்த பிறகே அவை இசைக்கற்கள் ஆயின.

அதுவரை எவருக்கும் ஏன் கேட்கவில்லை? நீண்ட கல்லொன்று உடல் முழுதும் பலகையில் படியக் கிடந்தால் அதன் அதிர்வு அமுங்கிவிடும். இரு முனைகளிலிருந்தும் நீளத்தில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக உள்தள்ளி, மென்மையான தாங்கிகளின்மேல் வைத்துத் தட்டினால் மணிபோல் ஒலிக்கும். அருங்காட்சியக அலமாரியே கருவியை ஊமையாக்கிவிட்டது எனலாம்.

நம் நாட்டிலும் இக்கதை உண்டு. ஒடிசாவின் சங்கர்ஜங்கில் கிடைத்த மெருகேற்றிய நீண்ட பசால்ட் கற்களை இசைக்கற்களாக இருக்கலாம் என்று பவுல் யூலும் அவருடன் ஆய்ந்தோரும் 1980களின் இறுதியில் முன்வைத்தனர். அவர்களே அதனை வினாவாகத்தான் எழுப்பினர். அந்த எச்சரிக்கை எனக்கு உவப்பானது.

கர்நாடகத்தின் பல்லாரி அருகிலுள்ள குப்கல் குன்றில் இவ்வளவு ஐயம் எழுவதில்லை. அங்குள்ள கரிய டாலரைட் பாறைகளில் புதிய கற்கால மக்கள் காளைகளைச் செதுக்கினர். சில பாறைகளில் உருவமே இல்லை. மீண்டும் மீண்டும் அடித்ததால் விழுந்த வழவழப்பான குழிகள் மட்டும் உள்ளன. சிறு கல்லால் அக்குழியில் தட்டினால் சேகண்டிபோல் ஓசை எழுகிறது. நிக்கோல் பாய்வின் 2004இல் இதனை விரிவாக எழுதினார். செதுக்குவோர் உருவத்தை மட்டுமன்றி ஓசையையும் நாடியிருக்கக்கூடும் என்பது அவர் கருத்து. கல்குவாரிகளால் அக்குன்றுக்கு நேரும் ஆபத்தும் அப்போதே சுட்டிக்காட்டப்பட்டது.

பாரிசின் கற்கள் கச்சேரி முடிந்ததும் காப்பறைக்குத் திரும்பின. குப்கல் பாறையை அவ்வாறு எடுத்துச்செல்ல இயலாது. அது எதன்மேல், எப்படிச் சாய்ந்து கிடக்கிறதோ அதைப் பொறுத்தே அதன் நாதம். ஒரு பாறையை நகர்த்தினாலே போதும், படம் எஞ்சும், ஒலி போய்விடும். நான் களத்திற்கு எடுத்துச்செல்லும் பதிவுப் படிவத்தில் நீளம், அகலம், எடை, நிறம் ஆகியவற்றுக்குக் கட்டங்கள் உள்ளன. ஒலிக்கென ஒரு கட்டத்தைச் சென்ற மாதம் கையால் வரைந்து சேர்த்தேன்.