படியேறிய இதயம்

உழைக்கும் பொருள் தேயும். ஓய்ந்திருக்கும் பொருள் நிலைக்கும் என்பது மக்களிடையே வேரூன்றிய எண்ணம். வண்டியின் அச்சும் கலப்பையின் கொழுவும் அவ்வாறே தேய்கின்றன. உயிருள்ள இதயத்திற்கும் இவ்விதி பொருந்துமா? இவ்வினாவிற்கு அறிவுலகம் விடை கண்ட வரலாறு, ஆசிரியரும் மாணவரும் அறிந்திருக்க வேண்டிய ஒன்றாகும்.

இதயம் நீரிறைக்கும் பொறிபோல் இயங்கிக் குருதியை உடலெங்கும் சுற்றிவரச் செய்கின்றது என்பதை, இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் ஹார்வி 1628-ஆம் ஆண்டில் நூலெழுதி நிறுவினார். 1899-இல் சுவீடன் நாட்டு மருத்துவர் ஹென்ஷன், பனிச்சறுக்கு வீரர்களின் மார்பை விரலால் தட்டி ஆராய்ந்து, அவர்தம் இதயம் பிறர் இதயத்தினும் பெரிதாயிருத்தலைக் கண்டார். அது நன்மாற்றமே என்பது அவர் முடிபு. ஆயினும், பெருத்த இதயம் வலிமையின் அடையாளமா, நோயின் அறிகுறியா என்னும் வாதம் மருத்துவரிடையே நெடுங்காலம் ஓயவில்லை.

இந்நிலையில், இரண்டாம் உலகப் போருக்குப்பின் இங்கிலாந்தில் மாரடைப்பு பெருகக் கண்ட ஜெரமி மோரிஸ் என்னும் மருத்துவர், விடையை ஆய்வுக்கூடத்தில் தேடவில்லை. இலண்டன் மாநகரின் ஈரடுக்குப் பேருந்துகளில் தேடினார். அவரும் அவர் குழுவினரும் அந்நகரப் போக்குவரத்து ஊழியர் ஏறத்தாழ 31,000 பேரின் நோய்க் குறிப்புகளை ஆராய்ந்தனர். ஓட்டுநர் பணிநேரத்தின் பெரும்பகுதியை இருக்கையிலேயே கழித்தார். நடத்துநரோ பயணச்சீட்டு வழங்குவதற்காக நாள்தோறும் 500 முதல் 750 படிகள் வரை ஏறினார். இருவரும் ஒரே நகரத்தார். ஒரே பேருந்தில் பணியாற்றியவர். ஆயினும், மாரடைப்பு நடத்துநரைக் குறைவாகவே தாக்கியது. தாக்கியபோதும் உடனடி மரணம் குறைந்தே காணப்பட்டது.

மோரிஸ் அவசரப்பட்டு முடிவுரைக்கவில்லை. அஞ்சல் துறையையும் ஆராய்ந்தார். நடந்தும் மிதிவண்டியிலும் கடிதம் வழங்கியோர், மேசைமுன் அமர்ந்திருந்த எழுத்தரினும் நலமாயிருந்தனர். இம்முடிவுகள் 1953-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளிவந்தன. ‘பருத்தவர்தாம் ஓட்டுநராகச் சேர்ந்தனரோ?’ என்னும் ஐயமும் எழுந்தது. உடனே சீருடை அளவேடுகளைப் புரட்டினார். ஓட்டுநரின் இடுப்புச் சுற்றளவு மிகுந்திருந்தது மெய்யே. எனினும், மெலிந்த ஓட்டுநரும் மெலிந்த நடத்துநரினும் மிகுதியான இடருக்கு ஆளாகியிருந்தனர்.

இதன் காரணம் யாது? தசைகள் உழைக்குங்கால் மிகுதியான உயிர்வளியை வேண்டுகின்றன. ஓய்வில் நிமிடத்திற்கு ஏறத்தாழ 5 லிட்டர் குருதியைச் செலுத்தும் இதயம், கடும் உழைப்பில் 20 லிட்டருக்கு மேலும் செலுத்துகின்றது. தொடர்ந்து பயிற்சி பெற்ற இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதலான குருதியைச் செலுத்தப் பழகுவதால், ஓய்வு நேரத் துடிப்பு குறைகின்றது. நிமிடத்திற்கு 70 முறை துடித்த இதயம் 60 முறையே துடிக்குமாயின், ஒரு நாளில் 14,400 துடிப்புகள் மிச்சமாகும். உழைப்பு இதயத்தைத் தேய்க்கவில்லை. அதற்கு ஓய்வையே தேடித் தருகின்றது.

இதற்கு மறுதலையான சான்றும் உண்டு. 1966-இல் அமெரிக்காவின் டாலஸ் நகரில் நலமிக்க இளைஞர் ஐவர் மூன்று வாரம் படுக்கையிலேயே இருத்தப்பட்டனர். அவர்தம் உழைப்புத்திறன் கால்பங்கிற்கு மேல் குன்றியது. அவர்களையே முப்பதாண்டுகள் கழித்து மீண்டும் ஆராய்ந்தபோது, முப்பதாண்டு முதுமை விளைத்த குறைவினும் அம்மூன்று வாரப் படுக்கை விளைத்த குறைவே பெரிதெனத் தெரிந்தது.

இதனைப் படித்தபோது என் நெஞ்சு என்னைச் சுட்டது. தேர்வு நெருங்கும் மாதங்களில் உடற்கல்விப் பாடவேளையைக் கணிதத்திற்கு மாற்றிய தலைமையாசிரியருள் நானும் ஒருவன். ஐம்பதைக் கடந்த யான், பள்ளியின் இரண்டாம் மாடிப் படிகளில் மூச்சு வாங்கி நின்றபோதுதான், நானே அவ்வோட்டுநர் இருக்கையில் பல்லாண்டு அமர்ந்திருந்ததை உணர்ந்தேன். என்னை நம்பி வந்த பிள்ளைகளையும் அவ்விருக்கையிலேயே அமர்த்தினேன் அல்லவா?

மோரிஸ் 2009-இல் தம் 99-ஆம் அகவையில் மறைந்தார். அவர் விட்டுச்சென்ற பாடம் எளியது. ஆசிரியப் பெருமக்களே! பாடவேளை அட்டவணையில் உடற்கல்விக்கென உள்ள கட்டத்தை எவரும் கடன் வாங்க விடாதீர்கள். அது விளையாட்டுக்கான நேரம் மட்டுமன்று. நம் பிள்ளைகளின் இதயத்திற்குரிய நேரமாகும்.