ஃபின்ஹாஸ்: ஒரு பெயரின் பூர்விகம்

ஆலு இம்ரான் அத்தியாயத்தின் 181ஆம் வசனத்திற்கான விரிவுரைகளைப் படிப்போர் ஃபின்ஹாஸ் என்னும் பெயரைக் கண்டிருப்பர். இறைவனை வறியவன் என்று இகழ்ந்து, அபூபக்ர் (ரழி) அவர்களின் சினத்திற்கு ஆளான மதீனாவின் யூத அறிஞர் அவர் என்பது இப்னு இஸ்ஹாக் வழியாக வரும் செய்தி. அதனாலேயே அப்பெயர் நம் காதுகளுக்குச் சற்றுக் கசக்கிறது. ஆயினும் அது அவரோடு பிறந்த பெயரன்று. நபி ஹாரூன் (அலை) அவர்களின் இல்லத்துப் பெயர்.

ஹாரூன் (அலை) அவர்களின் மகன் எலெயாசார். அவருடைய மகனே முதல் ஃபின்ஹாஸ். தமிழ் விவிலியம் இவரைப் பினெகாஸ் என்றெழுதும். எண்ணாகமத்தின் 25ஆம் அதிகாரம், நெறிகேட்டை எதிர்த்து ஈட்டியேந்திய இவருக்கும் இவருடைய வழியினருக்கும் ஆசாரியப் பொறுப்பு உறுதி செய்யப்பட்டதாகக் கூறுகிறது. நம் விரிவுரையாளர்கள் பலர் உஸைர் என்று அடையாளம் காணும் எஸ்றாவும் தம் வமிசவழியை இவர் மூலமாகவே ஹாரூன் (அலை) வரை கொண்டு செல்கிறார்.

இப்பெயருக்குப் பொருள் என்ன? எபிரேய மொழிக்குள்ளேயே பொருள் தேடியவர்கள் ‘பே’ என்றால் வாய், ‘நாஹாஷ்’ என்றால் பாம்பு எனப் பிரித்து, ‘பாம்பின் வாய்’ என்றனர். ஒரு குழந்தைக்கு யார்தாம் இப்படிப் பெயரிடுவர்? அதைவிட, கடைசி எழுத்தே இவ்விளக்கத்திற்கு இடந்தரவில்லை. பாம்பைக் குறிக்கும் சொல் ‘ஷின்’ எழுத்தில் முடிகிறது. ஃபின்ஹாஸோ ‘ஸாமெக்’ எழுத்தில் முடிகிறது.

விடை எகிப்தில் இருக்கிறது. பண்டைய எகிப்திய மொழியில் ‘பா’ என்பது ‘அந்த’ எனச் சுட்டும் முன்னொட்டு. ‘நெஹெசி’ என்பது எகிப்துக்குத் தெற்கே, நைல் நதியின் மேற்பகுதியில் உள்ள நூபியா நாட்டவரைக் குறிக்கும் சொல். இரண்டும் சேர்ந்தால் ‘பாநெஹெசி’: தெற்கத்தியான், கறுப்பன். எகிப்தில் இது பலரும் சூடிய பெயர். கி.மு. 14ஆம் நூற்றாண்டில் மன்னன் அகெநாத்தனின் தலைநகரில் பெரும் பதவி வகித்த பாநெஹெசி ஒருவரின் கல்லறை அமர்னாவில் இன்றும் உள்ளது. பதினோராம் ராம்சேஸ் காலத்தில் நூபியாவை ஆண்ட அரசப் பிரதிநிதிக்கும் இதே பெயர்தான்.

இஸ்ரவேலர் எகிப்தில் தலைமுறைகளாக வாழ்ந்தவர்கள். அந்நாட்டுப் பெயர்கள் அவர்கள் வீடுகளுக்குள் வந்ததில் வியப்பில்லை. மூஸா என்னும் பெயரையே ‘பிறந்தவன்’ எனப் பொருள்படும் எகிப்தியச் சொல்லோடு ஆய்வாளர்கள் இணைக்கின்றனர். ஃபின்ஹாஸின் தாய் பூத்தியேல் என்பவரின் மகள் என்கிறது யாத்திராகமம். அந்தப் பூத்தியேல் என்னும் பெயரும் பாதி எகிப்தியம், பாதி எபிரேயம் என்றே கருதப்படுகிறது. பெயரை மட்டும் வைத்து அப்பிள்ளையின் நிறம் இன்னதென்று அறுதியிட இயலாது. ஆனால் அதைச் சூட்டியவர்கள் அதன் பொருளுக்காகக் கூசவில்லை என்பது தெளிவு. பாம்பின் வாய் என்ற விளக்கம், மொழி மறந்துபோன பின்னர் வந்து ஒட்டிக்கொண்டது.

அதே எண்ணாகமத்தின் 12ஆம் அதிகாரத்தில், மூஸா (அலை) கூஷ் நாட்டுப் பெண்ணை மணந்ததைக் குறித்து அவர் உடன்பிறந்தோர் குறை பேசியதாக ஒரு செய்தி வருகிறது. நபிமார்களைப் பற்றிய நம் நம்பிக்கை வேறு. ஹாரூன் (அலை) அவர்கள்மீது அக்குறையை நாம் ஏற்றமாட்டோம். ஆனால் கூஷ் என்பது அதே நூபியா என்பதையும், அங்கே கண்டிக்கப்படுவது மணப்பெண் அல்லள், குறை பேசிய நாவே என்பதையும் கவனிக்க வேண்டும். ஒருவரை அவருடைய தாயைச் சொல்லி இழித்த அபூதர் (ரழி) அவர்களிடம், அறியாமைக் காலத்தின் குணம் இன்னும் உம்மிடம் இருக்கிறது என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கடிந்துரைத்தது புகாரியில் பதிவாகியுள்ளது.

நம் முன்னோரும் இப்படிப் பெயர் சூடக் கூசியவர்கள் அல்லர். உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் பெயரில் ஒரு கல்லூரியே இருக்கிறது. இன்றோ பெண் பார்த்துத் திரும்பும் நம் வீட்டார், “பிள்ளை நல்ல பிள்ளைதான், நிறம்தான் கொஞ்சம்...” என்று இழுக்கின்றனர்.