எரிபொருள் எக்கி உணர்த்தி

எரிபொருள் எக்கி உணர்த்தி என்பது தானுந்தின் மின் எரிபொருள் எக்கிக்குச் செல்லும் மின்னோட்டத்தை இணைக்கவும் துண்டிக்கவும் பயன்படும் மின்காந்த நிலைமாற்றி ஆகும். பணிமனைகளில் இது ஃபியூல் பம்ப் ரிலே என்று அழைக்கப்படுகிறது. பொறி நின்றவுடன் எக்கியையும் நிறுத்துவது இதன் முதன்மையான பாதுகாப்புப் பணியாகும். பழுதான உணர்த்திக்கு வீட்டில் செய்யப்படும் மாற்றும் இப்பணியைச் செய்தாக வேண்டும்.

பின்னணி

அம்பாசடர், 1983 இல் வெளிவந்த மாருதி 800 ஆகியவற்றின் கார்புரேட்டர் வகைகளில், பொறியின் அசைவால் இயங்கும் இயந்திர எக்கி இருந்தது. பொறி நின்றால் எக்கியும் தானாகவே நின்றுவிடும். இந்தியாவில் 2000 ஆம் ஆண்டு முதல் புகை வெளியேற்ற விதிகள் கடுமையானதை அடுத்து, எரிபொருள் உட்செலுத்தும் முறை பரவியது. இதில் தொட்டிக்குள் உள்ள மின் எக்கி, ஏறத்தாழ 3 பார் அழுத்தத்தில் பெட்ரோலை அனுப்புகிறது. இவ்வெக்கிக்குப் பொறியோடு இயந்திரத் தொடர்பு இல்லை. எனவே விபத்தில் குழாய் அறுந்து பொறி நின்ற பின்னரும், மின்னோட்டம் துண்டிக்கப்படாவிட்டால் பெட்ரோல் பீய்ச்சப்பட்டுத் தீப்பிடிக்கக்கூடும்.

அமைப்பு

பரவலாகப் பயன்படும் நான்கு முனை உணர்த்தியின் முனைகள், செருமானியத் தரமான டின் 72552 இன்படி எண்ணிடப்பட்டுள்ளன.

30 - மின்கலத்திலிருந்து உருகி வழியாக வரும் மின்சாரம்
87 - எக்கிக்குச் செல்லும் இணைப்பு
86, 85 - கம்பிச்சுருளின் இரு முனைகள்

கம்பிச்சுருள் சுமார் 150 மில்லி ஆம்பியர் மின்னோட்டத்தையே எடுத்துக்கொள்ளும். எக்கிக்கான பல ஆம்பியர் மின்னோட்டம் தொடுமுனைகள் வழியாகச் செல்கிறது.

பழுதுகள்

பற்றாசு இணைப்புகளில் ஏற்படும் நுண்ணிய விரிசல் பொதுவான பழுதாகும். 1990களின் ஓண்டா சிவிக், அக்கோர்டு தானுந்துகளில் இது பரவலாக அறியப்பட்டது. வெயிலில் நிறுத்திய வண்டி கிளம்பாமல், குளிர்ந்த பின் கிளம்புவது இதன் அறிகுறி. தூத்துக்குடி போன்ற உப்பளக் கரையோரங்களில் உப்புக்காற்றால் முனைகள் அரிக்கப்படுவதும் உண்டு.

வீட்டில் செய்யும் மாற்று

மின்னணுக் கட்டுப்பாட்டகம் உள்ள வண்டிகளில், பொறி நின்றதைக் கட்டுப்பாட்டகமே கண்டறிகிறது. ஆகவே அதே முனையமைப்பும் மின்னோட்டத் திறனும் கொண்ட சாதாரண உணர்த்தி போதுமானது. சில பழைய வண்டிகளில் கண்டறியும் சுற்று உணர்த்திக்குள்ளேயே இருக்கும். அவற்றுக்கு 555 நேரங்காட்டித் தொகுசுற்றைக் கொண்டு மாற்று அமைக்கலாம்.

எரியூட்டுச் சுருளின் ஒவ்வொரு துடிப்பும் நேரங்காட்டியை மீண்டும் தொடக்கநிலைக்குக் கொண்டுவருமாறு சுற்று அமைக்கப்படுகிறது. 180 கிலோ ஓம் மின்தடையம், 10 மைக்ரோ பாரட் மின்தேக்கி ஆகியவற்றைப் பயன்படுத்தினால் காத்திருப்பு நேரம் 1.1 × 180,000 × 0.00001 = 1.98 நொடி. நான்கு உருளைப் பொறி நிமிடத்துக்கு 200 சுற்று என்ற மெதுவான வேகத்தில் சுழன்றாலும், நொடிக்கு ஏறத்தாழ 7 துடிப்புகள் கிடைக்கும். எனவே பொறி சுழலும் வரை எக்கி இயங்கும். துடிப்பு நின்றால் இரண்டு நொடிக்குள் நின்றுவிடும். சாவியைத் திறந்தவுடன் நேரங்காட்டியை ஒருமுறை தூண்டினால், தொடக்க அழுத்தம் உருவாகும்.

எரியூட்டுச் சுருளில் சில நூறு வோல்ட்டு மின்னழுத்த எழுச்சி தோன்றுவதால், துடிப்பை ஒளிப்பிணைப்பி வழியாகவே எடுக்க வேண்டும். நேரங்காட்டி ஒரு திரிதடையத்தின் மூலம் கம்பிச்சுருளை இயக்கும். சுருள் துண்டிக்கப்படும்போது எழும் எதிர்மின்னழுத்தம் திரிதடையத்தைச் சிதைக்காதிருக்க, 1என்4007 இருமுனையத்தைச் சுருளுக்குக் குறுக்கே, எதிர்மின்வாய் நேர்முனையைப் பார்க்குமாறு இணைக்க வேண்டும்.

சோதனையும் எச்சரிக்கையும்

சாவியைத் திறந்து வைத்துப் பொறியை இயக்காமல் விட்டால், எக்கியின் ஒலி இரண்டு நொடியில் அடங்க வேண்டும். ஓடும் பொறியின் எரியூட்டுத் துடிப்பு நின்றாலும் அவ்வாறே அடங்க வேண்டும். அடங்காவிட்டால் அம்மாற்றைப் பயன்படுத்தக் கூடாது.

வழியில் நின்ற வண்டியைக் கிளப்ப 30, 87 முனைகளை ஒரு கம்பியால் இணைப்பது வழக்கம். இது பழுதைக் கண்டறிய மட்டுமே ஏற்றது. அக்கம்பியுடன் ஓட்டினால், பொறி நின்றாலும் எக்கி நிற்காது.

இவற்றையும் பார்க்கவும்

உணர்த்தி
கார்புரேட்டர்
எரிபொருள் உட்செலுத்தல்