ஒளிரும் சொல்லும் ஒளிராப் பக்கமும்

1887இல் சி. கு. மகுதூம் சாயபு 'சிங்கை நேசன்' வார இதழைச் சிங்கப்பூரில் தொடங்கினார், 1935இல் கோ. சாரங்கபாணி 'தமிழ் முரசு' இதழை நிறுவினார். இத்தகைய பழைய இதழ்களில் ஒரு செய்தியைத் தேட, ஆய்வாளர்கள் நுண்படச் சுருள்களைப் பக்கம் பக்கமாக உருட்டிப் படித்த காலம் உண்டு. இன்றோ, மின்னாக்கம் பெற்ற ஏட்டில் நாம் ஒரு சொல்லை இட்டுத் தேடினால், அச்சொல் வண்ணக் கட்டத்துள் ஒளிர்கிறது.

இது நிகழும் முறை எளியது. பக்கத்தின் படத்தைக் கணினி எழுத்தெழுத்தாக இனங்கண்டு, ஒவ்வொரு சொல்லும் பக்கத்தில் எங்குள்ளது என்பதையும் குறித்துக்கொள்கிறது. நாம் தேடும் சொல் கிட்டியதும், அவ்விடத்தின்மேல் வண்ணம் பூசுகிறது.

ஆயின் தமிழ் இதற்கு எளிதில் இணங்குவதில்லை. 'துறைமுகம்' என்று தேடுவோர்க்குத் 'துறைமுகத்தில்' தப்பிவிடும். 'துறைமுக' என நிறுத்தித் தேடினால் இரண்டும் அகப்படக்கூடும். எழுத்துருவமும் இடர் தரும். 1978இல் தமிழ்நாட்டரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன், 'சாலை', 'வேலை' ஆகியவற்றின் 'லை' துதிக்கை போன்ற கொம்புடன் அச்சாயிற்று. புதிய வடிவம் மட்டுமே பழகிய கணினி அதனைப் பிறிதொன்றாகப் படித்துவிடலாம்.

சிராங்கூன் சாலையில் உழைத்தோரின் வரலாற்றை எழுதப் புகும் நாம், ஒளிர்ந்த சொற்களை மட்டும் தொகுத்தால், அவர்களுள் பலரை இழப்போம். ஒளிராத பக்கம் வெற்றுப் பக்கமன்று. நாம் இன்னும் படிக்க வேண்டிய பக்கம்.